மூணு இஞ்ச்

மார்ச் 2

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் பேசி ஐந்து வாரம் ஆகிறது. பேசினோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். "சத்தம் போடறதா இருந்தா கீழ போய்ப் போடுங்க" என்று நர்ஸ் வந்து விரட்டியதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அதற்குப் பிறகு உன் போனை நான் எடுப்பதில்லை. எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவோம். கடிதம் என்றால் நடுவில் மூன்று நாலு நாள் கிடைக்கிறது. அதற்குள் என் கோபம் பாதியாகிவிடும் என்று என் மனைவி சொல்கிறாள். மீதிப் பாதியை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தெட்டாம் தேதி அம்மாவை அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். பக்கவாதம் அடித்த வலது கையும் காலும் இனி அவ்வளவுதான். பேச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. இடது கை மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு கையால் வீல்சேர் சக்கரத்தைத் தள்ளப் பழகியிருக்கிறாள். பார்க்கக் கஷ்டமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

நம் வீடு உனக்குத் தெரியும். முன்னறை, அம்மாவின் அறை, சமையலறை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. கடைசியில் பின்சுவரை ஒட்டித் தனியாக பாத்ரூம். எல்லா வாசலிலும் ஒரு படி. அந்தக் காலத்தில் யாரும் சக்கரத்தை நினைத்து வீடு கட்டவில்லை. படிகளை எடுத்துச் சரிவாக்க வேண்டும், தரையைச் சமன் செய்ய வேண்டும். பிறகு கைக்கு வசதி வரும்போது சுவரை உடைத்து அம்மாவின் அறையை ஒட்டியே ஒரு பாத்ரூம் கட்ட வேண்டும். கொத்தனாரைப் பிடித்துவிட்டேன். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே நாளைக்கு. அவர் ஒரு பிளான் கேட்கிறார். "கோடு போட்டுக் குடுங்க, அதுமேல நான் கட்டிடறேன்" என்கிறார்.

இருபத்தைந்து வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கோடு போடுகிறாய். இந்த வீட்டுக்கும் போட்டுக் கொடு. வராந்தாவில் நீ சொன்ன முதியோர் விடுதிப் பேச்சை இனி எடுக்க வேண்டாம். என் வீட்டில் அம்மாவுக்கு இடம் இருக்கிறது. வாசல்தான் கொஞ்சம் சிறியது.

இப்படிக்கு,
மூணு இஞ்ச்


மார்ச் 7

அன்புள்ள மூணு இஞ்சுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். கையெழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

பிளான் போடுகிறேன். கேட்கவும் வேண்டுமா. நாலே நாளில் நான் திரும்பிப் போனது ஆபீஸ் வேலைக்காக என்று நீ நினைக்கிறாய், நானும் அப்படித்தான் சொன்னேன். உண்மை அது இல்லை. அம்மா என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, வராமல், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதை இன்னொரு நாள் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விடுதி என்று சொன்னதும் அந்தப் பயத்தில்தான். ஓடிப் போகிறவளுக்கு யோசனை சொல்ல உரிமை இல்லை என்று நீ கத்தியது சரிதான்.

நீ செய்ய வேண்டியது இதுதான். மூன்று அறைகளின் நீளத்தையும் உள்பக்கமாகச் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் அள. வாசல்களை நிலைச்சட்டத்தின் பலகையைச் சேர்க்காமல், திறந்த இடத்தை மட்டும் அள. வீல்சேர் எத்தனை அகலம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு எழுது. வெளிச்சுவரைக் கொத்தனார் அளக்கட்டும். உள்ளே எடுத்த அளவும் வெளியே எடுத்த அளவும் ஒத்துப்போனால்தான் எங்கள் ஆபீஸில் பென்சிலைத் தொடுவோம். உனக்காக அந்த வழக்கத்தை மாற்ற முடியாது, மூணு இஞ்ச்.

சும்மா சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

எல்லாவற்றையும் அளந்தாகிவிட்டது. முன்னறை பன்னிரண்டு அடி மூணு இஞ்ச். அம்மாவின் அறை பத்து அடி மூணு இஞ்ச். சமையலறை பதினோரு அடி மூணு இஞ்ச். அம்மா அறையின் வாசல் முப்பது இஞ்ச், பாத்ரூம் வாசல் இருபத்தெட்டு. வீல்சேர் இருபத்தாறு இஞ்ச் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருக்கிறது. ஆக, பாத்ரூம் வரைக்கும் தாராளமாகப் போகும். வாசல்களை இப்போதைக்குத் தொட வேண்டியதில்லை, படிகளை மட்டும் எடுத்தால் போதும். கொத்தனார் "நாளைக்கு" தன் இரும்பு டேப்பால், பாத்ரூமைச் சேர்க்காமல், வெளியே அளந்தார். கச்சிதமாக முப்பத்தாறு அடி. சுவர் ஒவ்வொன்றும் ஒன்பது இஞ்ச் கனமாம்.

எதை வைத்து அளந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பரணில் அப்பாவின் டேப் கிடைத்தது. உருண்டைத் தோல் பெட்டிக்குள் சுற்றி வைக்கும் ஐம்பது அடி துணி டேப். முதல் ஒரு அடியில் எண்களே தெரியவில்லை, அத்தனை அழுக்கு. முனையில் ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கிறது. அப்பாவே எதையோ வளைத்து மாட்டியிருப்பார், அவர் கைவேலை. அந்த வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டு நான் மறுமுனைக்குப் போய் அளவைப் படித்தேன். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு இரண்டு தடவை படித்தேன் என்றால் சிரிப்பாய்.

நீ என்னை மூணு இஞ்ச் என்று கூப்பிடும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அப்பா வேலை பார்த்த இரும்பு ஜன்னல் பட்டறையில் வைத்த பெயர், வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், எழுதுவது சுலபமாக இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஜன்னல் அளக்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. நான் முனையைப் பிடிக்க வேண்டும், அவர் மறுமுனையில் நின்று படித்து எழுதிக்கொள்வார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் "சரியாப் பிடி, சரியாப் பிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சரியாகத்தான் பிடித்தேன் என்று நினைத்தேன். பதினாறு சட்டங்களும் செய்து முடித்து மாட்டப் போனபோது ஒவ்வொன்றும் மூணு இஞ்ச் பெரிது. ஒன்று கூட ஜன்னலுக்குள் நுழையவில்லை. முதலாளி அப்பாவைப் பட்டறையை விட்டு அனுப்பினார். அன்றைக்கு அப்பா என்னை அடித்ததை நீயும் பார்த்தாய். என்னை அவர் அடித்தது அந்த ஒரு நாள்தான்.

அடி எல்லாம் மறந்துவிட்டது, அக்கா. மறக்காதது வேறு. எங்கேயோ ஒரு ஜன்னலில் நான் பராக்குப் பார்த்திருப்பேன், கை மூணு இஞ்ச் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். பதினாறிலும் எப்படி ஒரே மாதிரி நகர்ந்திருக்கும் என்று சில சமயம் தோன்றும். அது தப்பித்துக்கொள்ளும் யோசனை என்று தள்ளிவிடுவேன். அதன் பிறகு அப்பா அந்த டேப்பைத் தொடவில்லை, பரணில் போட்டுவிட்டார். நிலையான வேலையில் இருக்கவும் இல்லை. வளர்ந்ததும் அவரோடு ஏதாவது ஒரு பட்டறையில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. "அளவுன்னு ஒண்ணு இருக்கற எந்த வேலையும் உனக்கு வேண்டாம்டா" என்றார். அதனால்தான் ரொட்டி வேன் ஓட்டுகிறேன். ரொட்டியை எண்ணினால் போதும், அளக்க வேண்டாம்.

நம் வீட்டில் குறைந்துபோனது எல்லாம் என் கையால் குறைந்தது. உன் கல்லூரிக்கு அப்பா யார் யாரிடமோ போய் நின்றாரே, அதுவும் சேர்த்துத்தான். இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

அதனால்தான் இந்தத் தடவை ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். தைரியமாகக் கோடு போடு.

மூணு இஞ்ச்


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அளவுகளும் கிடைத்தன. ஒரு சின்னச் சிக்கல். மூன்று அறைகளையும் கூட்டினால் முப்பத்துமூன்று அடி ஒன்பது இஞ்ச். நாலு சுவரும் சேர்ந்து மூன்று அடி. ஆக முப்பத்தாறு அடி ஒன்பது இஞ்ச். கொத்தனார் வெளியே அளந்தது முப்பத்தாறு அடி. வீட்டுக்குள் இருக்கும் வீடு, வெளியில் தெரியும் வீட்டைவிட ஒன்பது இஞ்ச் பெரிதாக இருக்கிறது.

உன்மேல் தவறு இல்லை. துணி டேப் நாள்பட்டால் இழுபட்டுவிடும், அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் பார்சலில் ஒரு புது இரும்பு டேப் அனுப்பியிருக்கிறேன். அதை வைத்து எல்லாவற்றையும், முக்கியமாகப் பாத்ரூம் வாசலை, தயவுசெய்து இன்னொரு முறை அள. அம்மா வருவதற்கு முன்னால் அள.

நீ எழுதிய மற்ற விஷயத்தைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. அதை மட்டும் நம்பு.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை.

உன் கடிதத்தை நாளைக்குவிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் சிரித்தார். "டேப்பு இழுபட்டா கோடு தள்ளித் தள்ளிப் போகும், அளவு கொறச்சுத்தான் காட்டும். கூட்டிக் காட்டாது. உங்கக்கா ஆபீஸ்ல இது தெரியாதா?" என்றார். எனக்கே அவமானமாக இருந்தது. உனக்குத் தெரியாமல் இருக்குமா? இருபத்தைந்து வருஷம் இதே தொழில். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். தப்பு என் கையில் என்று சொன்னால் என் மனசு நோகும் என்று டேப்பின் தலையில் போட்டாய். நான் எழுதியதைப் படித்த பிறகு இந்தத் தடவை என்னை மூணு இஞ்ச் என்றுகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

நேற்று மறுபடி அளந்தேன். அப்பாவின் டேப்பில்தான். இந்தத் தடவை ஆணியை நம்பாமல் என் மனைவியை முனையைப் பிடிக்கச் சொன்னேன். "சரியாப் பிடி, சரியாப் பிடி" என்று நானே கத்துவதைக் கேட்டு அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாத்ரூம் வாசல் இருபத்தெட்டு. நாலு முறை அளந்தாலும் இருபத்தெட்டு. வெளியில் நாளைக்கு தப்பாக அளந்திருப்பார், அவர் எதைத்தான் சரியாகச் செய்தார்.

படிகளை எடுத்தாகிவிட்டது. தரை காய்கிறது. நான் என் அளவை நம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நம்பிப் பார்க்கிறேனே.

தம்பி


மார்ச் 30

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. நீ சொன்னதுதான் நடந்தது.

இருபத்தெட்டாம் தேதி மதியம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். முன்வாசல் சரிவில் சேர் ஏறியதும் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. தன் அறைக்குள் போக நான் தள்ளப் போனேன், "ம்ஹூம்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். இடது கையால் தானே உருட்டிக்கொண்டு போனாள். வாசலில் சேர் உரசினாற்போல இருந்தது. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பாத்ரூம் போக வேண்டும் என்று சைகை காட்டினாள். சமையலறையைத் தாண்டினால் புதுத் தரையில் லேசான சரிவு, சேர் தானாகவே வேகம் எடுத்தது. தாராளமாகப் போகும் என்று நான்தான் சொன்னேன். பின்னால் கை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். சேர் நிலைக்குள் பாதி போய் இறுகிக்கொண்டது. அம்மாவின் கை சக்கரத்துக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தது.

அவள் கத்தவில்லை. நான் சேரைப் பின்னால் இழுக்கிறேன், வரவில்லை. என் மனைவி ஓடி வந்து ஒரு பக்கமாகத் தூக்கிய பிறகுதான் விட்டது. நாலு விரல் முட்டியிலும் தோல் இல்லை, நடுவிரல் எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். அக்கா, அது அந்த நல்ல கை. இருந்த ஒரே கை. இப்போது ஸ்பூனைக் கூடப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் கட்டுப் போடும்போது அம்மா என்னைப் பார்த்து "பரவால்ல" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை அது. அதைக் கேட்பதற்கு நான் என்ன செய்திருக்கிறேன் பார்.

உன் பார்சலை இப்போதும் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாக இருக்கிறது. சுவர், கம்பி, கதவு எதன்மேல் கை வைத்தாலும் அது மூணு இஞ்ச் தள்ளித்தான் நிற்கும். அப்பா சரியாகத்தான் சொன்னார்.

நீ சொன்ன விடுதிக்குப் போய் விசாரித்தேன். சுத்தமாக இருக்கிறது. வாசல்கள் எல்லாம் அகலம். படிவம் வாங்கி வந்திருக்கிறேன், பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒன்றை உனக்கு இதோடு வைத்திருக்கிறேன். பத்தாம் தேதிக்குள் போட்டு அனுப்பிவிடு. நாளைக்குவிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். முதல் தடவையாக அவர் "நாளைக்கு" என்று சொல்லாமல் உடனே போய்விட்டார்.

நீ ஜெயித்துவிட்டாய். சண்டை போடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மூணு இஞ்ச்


ஏப்ரல் 3

தம்பி,

படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன். இந்தக் கடிதத்தை வேன் ஓட்டும்போது படிக்காதே. உட்கார்ந்து படி.

அப்பாவின் டேப்பை எடு. முதல் ஒரு அடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு எண்களைப் பார். பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

அந்தக் கம்பி வளையத்தை அப்பா மாட்டவில்லை. நான் மாட்டினேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் நாடகம், நான் ராணி. ராணிக்கு ஒரு முத்திரை மோதிரம் வேண்டும் என்று டீச்சர் சொன்னார். டேப்பின் முனையில் ஒரு பித்தளை வளையம் இருந்தது. விரலில் போட்டுப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கழற்றப் பார்த்தேன், ஆணி அடித்துப் பொருத்தியிருந்ததால் வரவில்லை. அம்மாவின் கத்தரிக்கோலால் துணியோடு சேர்த்து வெட்டிவிட்டேன். ஐம்பது அடியில் மூணு இஞ்ச் போனால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுதான் நினைத்தேன். மொட்டையாக இருந்த முனையில் துளை போட்டு, என் கொண்டை ஊசியை வளைத்து மாட்டினேன். கறுப்பு மையைத் தடவி அந்த முனையை அழுக்காக்கியதும் நான்தான்.

அடுத்த வாரம் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு ஜன்னல் அளக்கப் போனார். முனை உன் கையில் இருந்தது. அவர் பார்த்ததெல்லாம் மறுமுனையைத்தான். நீ சரியாகப் பிடித்தாய், தம்பி. பதினாறு ஜன்னலுக்கும் சரியாகப் பிடித்தாய். நீ எத்தனை சரியாகப் பிடித்தாயோ அத்தனை சரியாக ஒவ்வொன்றும் மூணு இஞ்ச் கூடுதலாக வந்தது.

அப்பா உன்னை அடித்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மோதிரம் என் விரலில் இருந்தது, கையை மூடிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. நாடகம் வெள்ளிக்கிழமை. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் அப்பாவுக்கு வேலை போயிருந்தது, உனக்குப் பெயர் வந்திருந்தது. இனிமேல் சொன்னால் அடி ஒன்றோடு போகாது என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகத்தான் ஆனது. உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்தால் அது வெறும் கேலிப் பெயராக மாறிவிடும் என்று நினைத்தேன். எல்லோரையும்விட அதிகமாக நான்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு, போன மாதம் நான் செய்ததை எப்படிச் சொல்வது? நீ அனுப்பிய அளவுகளைக் கூட்டினேன், ஒன்பது இஞ்ச் அதிகம் வந்தது. மூன்று அறை, அறைக்கு மூணு. அந்த நொடியே தெரிந்துவிட்டது. பாத்ரூம் வாசல் இருபத்தைந்து இஞ்ச்தான், அம்மாவின் சேர் நுழையாது என்று பதினாறாம் தேதியே எனக்குத் தெரியும். "எல்லா அளவிலும் மூணைக் கழித்துக்கொள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஏன் என்று நீ கேட்பாயே. அதனால் டேப் இழுபட்டது என்று பொய் எழுதினேன். அதையும் தப்பாக எழுதினேன். இருபத்தைந்து வருஷம் தொழில் செய்தவள், பயத்தில் முதல் பாடத்தையே தலைகீழாக எழுதியிருக்கிறேன். உன் இருபதாம் தேதிக் கடிதம் வந்ததும் அந்த ஒரு வரியை எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். தபாலில் போடவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தேன். அது அங்கே இருந்த நாட்களில்தான் அம்மாவின் கை நசுங்கியது. அந்தக் கவரையும் இதோடு அனுப்புகிறேன். தேதியைப் பார்த்துக்கொள்.

அம்மாவின் கையை நசுக்கியது நீ இல்லை, நான்தான். அப்பாவின் வேலையையும் நான்தான் பறித்தேன். நீ இன்று செய்யும் வேலை நீ கேட்ட வேலை இல்லை, நான் படித்த படிப்பு உன்னிடமிருந்து எடுத்தது. கோடு போட்டு, அளவு பார்த்துச் சம்பாதித்துச் சாப்பிடுகிறேன். நீ ரொட்டியை எண்ணுகிறாய்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். நீ போன மாதம் என்னிடம் அதைக் கேட்டுவிட்டாய். அந்த வார்த்தையை உன் கடிதத்தில் பார்த்த பிறகு என் கையால் எழுத வரவில்லை.

அம்மாவை விடுதிக்கு அனுப்பாதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். உன் கை நல்ல கை.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

உட்கார்ந்து படி என்று நீ எழுதியிருந்ததைப் படிக்கும்போதே வேனில்தான் இருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி முழுவதும் படித்தேன். அன்றைக்கு இரண்டு கடைக்கு ரொட்டி மாறிப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் நான் எண்ணிக்கை தவறியது அன்றைக்குத்தான்.

டேப்பைத் துடைத்தேன். மை போகவில்லை, சுரண்ட வேண்டியிருந்தது. ஒன்று இல்லை, இரண்டு இல்லை, மூன்றும் இல்லை. முதலில் தெரிந்த எண் நாலு. முப்பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட முனையைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த முனை, அதை நான் பார்க்கவில்லை. கம்பியை என் மனைவியிடம் காட்டினேன். "இது கொண்டை ஊசி ஆச்சே" என்றாள், பார்த்த உடனே.

எனக்கு வந்த கோபத்தை எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தாள் போதாது. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்பா கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். வேளைக்கு இத்தனை என்று மருந்தை மூடியில் அளந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். நான் பாட்டிலை எடுத்தால் அப்பா, "நீ வை. அவள வரச் சொல்லு" என்பார். என் மனைவி வந்து ஊற்றுவாள். நான் பக்கத்தில் தம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. இப்போது தெரிந்துகொள். நான் சரியாகத்தான் பிடித்தேன் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? நீ பதினோரு வருஷம் தாமதமாகச் சொல்லியிருக்கிறாய்.

நீ கேட்காமல் விட்டதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. வரும்போது வரும். வராமலும் போகலாம்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அது உன் வேலை. கட்டை மாற்றிவிட்டார்கள், விரலை மடக்கி நீட்டுகிறாள். நேற்று ஸ்பூனைப் பிடித்துப் பாதியை வாய்க்கும் பாதியை என் சட்டைக்கும் ஊட்டினாள். விடுதிப் படிவத்தின் பின்பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் தெரியும், என் கையெழுத்தை அடித்திருக்கிறேன்.

நாளைக்குவுக்குச் சொல்லி அனுப்பினேன். நாளைக்கு வருகிறேன் என்றார்.

உன் பார்சலைப் பிரித்தேன். நல்ல டேப், பொத்தானை அழுத்தினால் தானே உள்ளே ஓடிப் போகிறது. முன்னறையை அளந்து பார்த்தேன். பன்னிரண்டு அடி, ஒரு நூலளவு அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. எழுந்து நின்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன், பன்னிரண்டு அடி என்று.

பாத்ரூம் வாசலை இன்னும் அளக்கவில்லை. அதை உடைத்து முப்பத்தாறு இஞ்ச் ஆக்க வேண்டும். இந்த டேப்பில் ஒரே ஆள் அளந்துவிடலாம். ஆனாலும் நான் அளக்காமல் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் வந்து சேர். நாலு நாளுக்கு இல்லை, வேலை முடிகிறவரைக்கும் இருக்கிற மாதிரி வா. அந்தப் பித்தளை வளையத்தை எறிந்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அதையும் எடுத்துக்கொண்டு வா, அம்மாவிடம் காட்டிச் சொல்.

எண்ணை நான் படிப்பேன். நீ மறுபக்கம் போய் நில். முனையைச் சரியாகப் பிடி.

உன் தம்பி